கொண்டலுக்குத் திறந்த யன்னல்

வதனிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. வாகரைக்காரி என்றதும் சுனாமிக் கதை சொல்லப்போகிறேன் என்று யாரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். அவள் கடலில் நீந்துவாள், வாவியில் தோணி வலிப்பாள். அவளுடைய பகை எல்லாம் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் திரிகிற தண்ணீரோடுதான்.

எங்கள் ஆய்வுகூடம் மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் யன்னலடியில் நின்று, என்ன அழகான இடம் என்பார்கள். வதனிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வாவியின் ஈரம் உள்ளே நுழையாதபடி யன்னல் இடுக்குகளை எல்லாம் ஒட்டுநாடா போட்டு அடைத்து வைத்திருந்தாள். நான் ஏறாவூரில் இருந்து பஸ்ஸில் அவிந்து வந்து இறங்கி, கொஞ்சம் காற்று வாங்குவோம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்கிற பாவத்துக்கு அவளுடைய சண்டையில் நானும் ஒரு சிப்பாய்.

சண்டை எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். கறிக்குப் போடும் உப்பை உருக்குவதற்கு உலைச்சூடு வேண்டும். ஆனால் சில உப்புகள் சாதாரண அறைச் சூட்டிலேயே எண்ணெய்போல ஓடும். அயன் திரவம் என்று அவற்றுக்குப் பெயர். லேசில் தீப்பிடிக்காத மின்கலம் செய்யலாம் என்று உலகம் முழுவதும் அதன் பின்னால் ஓடுகிறார்கள். அந்த உப்பில் நேர் ஏற்றம் உள்ள பாதி ஒன்று, எதிர் ஏற்றம் உள்ள பாதி ஒன்று. எதிர்ப் பாதி மற்றதை இறுகப் பிடித்துக்கொண்டால் திரவம் பாணியாகக் கெட்டித்துவிடும், மின்சாரம் ஓடாது. ஆகவே யாரையும் இறுகப் பிடிக்காத எதிர்ப் பாதி ஒன்று வேண்டும். நடுவில் ஒரு பொசுபரசு அணு, அதைச் சுற்றி மூன்று கரிம வளையங்கள், வளையங்களின் விளிம்பெல்லாம் வேலி அடைத்ததுபோலப் புளோரின். ஏற்றம் அத்தனை அணுக்களுக்கும் பங்கு போய்விடுவதால் பிடிப்பதற்கு ஓரிடமும் மிஞ்சாது. வதனி செய்ய நினைத்தது இந்தப் புளோரின் ஏற்றிய பொசுபேற்றைத்தான். அவளும் அதே வகைதான், யாரோடும் ஒட்டமாட்டாள் என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் அதற்கும் சிரிக்கமாட்டாள்.

செய்து முடித்துத் தக்க நேர்ப் பாதியோடு சோடி சேர்த்துவிட்டால் அந்தப் பொருளைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. செய்கிற நேரத்தில்தான் கண்டம். அதற்கு வேண்டிய பொசுபரசு பென்ராகுளோரைட்டு என்ற வெளிறிய மஞ்சள் தூள், ஈரக்காற்றுப் பட்ட உடனே புகைந்து அமிலமாகிவிடும். வசதியுள்ள நாடுகளில் இதற்கென்றே காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு நைதரசன் சிலிண்டரும் வதனியின் பிடிவாதமும். மாரி மழையில், வாடைக் காற்று அடிக்க அடிக்க, இரண்டு தரம் முயன்றோம். இரண்டு தரமும் குடுவையின் அடியில் கறுத்த பிசின்தான் கிடந்தது. புளோரின் வளையம் உள்ள மூலப்பொருளில் ஒரே ஒரு குப்பி மிச்சம். இன்னொன்று வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது.

அந்த நிலைமையில்தான் திவாகரன் சேர் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், நல்ல மனிதர்களுக்கு இருக்கிற பயமும் அவருக்கு உண்டு.

"பிள்ள, ஜெர்மனிப் பேராசிரியர் எழுதியிருக்கார். மிச்சக் குப்பியையும் செய்முறையையும் அனுப்பினா அவங்கட பெட்டிக்குள்ள வச்சுச் செய்வாங்களாம். கட்டுரையில உங்கட பேரும் வரும்."

"எத்தினையாவதா, சேர்?" என்றாள் வதனி.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செய்தவங்கட பேர்தானே முன்னுக்கு வரும்."

"அப்ப நான் செய்யுறன்."

"எப்பிடிப் பிள்ள? ரெண்டு தரம் பார்த்தாச்சு."

"மேற்கால கச்சான் வரட்டும் சேர். கச்சானுக்குக் காத்து காய்ஞ்சு கிடக்கும். காலையில தொடங்கினா, பின்னேரம் கடல் பக்கத்துக் கொண்டல் கிறுகி அடிக்க முதல் முடிச்சிரலாம். குப்பியை அனுப்பினா நாம தபால்காரர்தான், சேர். வேறென்ன?"

சேர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். பிறகு, "மாமாங்கக் கோயில் ஆடித் தீர்த்தத்துக்கு முதல் ஏதாவது ஒண்டு போகவேணும். அதுக்குப் பிறகு போனா அவங்கட அளக்கிற மெசின் நமக்காகக் காத்திராது. ஒண்டில் குப்பி போகும், ஒண்டில் பொருள் போகும்," என்றார்.

"பொருள் போகும்," என்றாள் வதனி.

சேர் தலையாட்டினார். ஆனால் அன்றைக்கே ஒரு காட்போட் பெட்டியை எடுத்து, ஜெர்மனி முகவரியை எழுதி, பக்கத்தில் மூலப்பொருள் என்றும் எழுதித் தன்னுடைய அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கே கோபம் வந்தது. வதனியோ அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

கச்சான் வந்தது. மேற்கே வயல் வட்டைகளைக் கடந்து வந்த காற்றில் உதடு வெடித்தது, காயப்போட்ட உடுப்பு அப்பளமாக முறுகியது, புழுதி கண்ணுக்குள் போனது. ஊரே கச்சானைத் திட்டிக்கொண்டிருக்க, வதனி ஒருத்திதான் மாப்பிள்ளை வந்ததுபோல முகம் மலர்ந்து நின்றாள். ஈரமானியின் முள் நாளுக்கு நாள் இறங்குவதை எனக்குக் காட்டிக் காட்டிச் சந்தோசப்பட்டாள். நல்ல காய்ந்த காலைப்பொழுது ஒன்று வந்ததும், "இண்டைக்குக்கா," என்றாள்.

அடுப்பில் சுட்டு எடுத்த குடுவையைச் சூடு ஆறுவதற்குள் பூட்டி நைதரசன் ஓடவிட்டோம். பெரிய பொலித்தீன் பை ஒன்றில் இரண்டு ஓட்டை போட்டுக் கையுறைகளை ஒட்டி, அதற்குள்ளும் நைதரசனை நிரப்பி, அந்தப் பைக்குள் கைவிட்டுத்தான் வதனி மஞ்சள் தூளை நிறுத்தாள். வியர்வை அவளுடைய நாடியில் இருந்து சொட்டியது. நான் துவாயால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடுவையில் கொட்டினாள். புகையவில்லை. உள்ளே மட்டும் நுரைத்தது. வெளியேறிய அமில வாயு குழாய் வழியே சோடாக் கரைசலுக்குள் போய்க் குமிழியிட்டது. அந்தச் சத்தத்தைப்போல இனிமையான ஒன்றை நான் அந்த வருடம் கேட்டதில்லை.

பின்னேரம் கொண்டல் திரும்பி யன்னல் கண்ணாடியில் மோதியபோது எங்கள் குடுவைக்குள் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அதைச் சோடியோடு சேர்த்தபோது கண்ணாடிபோல ஓர் எண்ணெய் அடியில் இறங்கியது. துளி ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பி நிறமாலை எடுத்தோம். பொசுபரசுக்கு ஒரே ஒரு கோடு. வேறு எதுவும் இல்லை, நினைத்த பொருளேதான். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். வதனி அந்தத் தாளை மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இனிக் கழுவுவது மட்டும்தான் வேலை. சோடி சேர்க்கும்போது குளோரைட்டு உப்பு மிஞ்சும். அதில் துளி இருந்தாலும் மின்கலத்தின் உலோகத்தை அரித்துவிடும், அளவைகள் எல்லாம் பொய்யாகிவிடும். எண்ணெயை வடிதண்ணீர் விட்டுக் குலுக்கி, மேலே நிற்கும் தண்ணீரை எடுத்து, அதில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டுப் பார்க்க வேண்டும். குளோரைட்டு இருந்தால் பால் கலந்ததுபோல வெள்ளை பாயும். இல்லையென்றால் தெளிவாகவே இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்கிற சோதனை.

முதல் கழுவலில் வெள்ளை பாய்ந்தது. அது எதிர்பார்த்ததுதான். அடுத்த சில கழுவல்களில் மங்கல் குறைந்தது. அதன்பிறகு குறைய மறுத்துவிட்டது. எத்தனை தரம் கழுவினாலும் அதே மெல்லிய மங்கல். அடுத்த நாளும் கழுவினோம், அதற்கடுத்த நாளும் கழுவினோம். ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் எண்ணெய் தண்ணீரோடு போனது. அடியில் கிடந்தது சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஜெர்மனிக்காரர்கள் அளப்பதற்கே போதாது. எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. என்னடி புள்ள நோன்பா என்று உம்மா கேட்டார்.

தீர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை காலையில் சேர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். சோதனைக்குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ள, பெரிய வேலை செய்திற்றீங்க. இதை இப்பிடியே அனுப்புவம். அவங்களிட்ட நல்ல தண்ணி இருக்கு, கழுவி எடுப்பாங்க. நாளைக்குக் காலையில பொதிக்காரன் வாறான்."

"அரைகுறையா அனுப்பினா, முழுசாக்கினவங்கட பொருள் எண்டுதான் எழுதுவாங்க, சேர்."

"கழுவுறது ஒரு சின்ன வேலைதானே."

"சின்ன வேலை எண்டா நாமளே செய்வமே," என்றாள் வதனி.

சேர் பெருமூச்சு விட்டார். "நாளைக் காலை வரைக்கும்தான் பிள்ள. அதுக்கு மேல என்னால ஏலாது."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வெளியே போனேன். சேரின் அறைக்குப் பின்புறம் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் கீழே ஒரு வாளி இருக்கிறது. கச்சான் காலத்தில் வாவி வற்றி, எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர்த்துவிடும். தேத்தண்ணீரே கரிக்கும். அந்தத் தண்ணீரை ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் ஊற்றினால் உடுப்பில் மஞ்சள் கறை விழும். ஆகவே திணைக்களத்துப் பெண்கள் முறைவைத்து ஏசித் தண்ணீரைப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோவோம். அன்றைக்கு வதனியின் முறை. அவள் எடுக்காமல் விட்டால் பக்கத்து அறைக்காரி எடுத்துவிடுவாள் என்று நானே இரண்டு போத்தல்களை நிரப்பி அவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"உன்ட முறைகா. சாரியெல்லாம் கசங்கிக் கிடக்கும், கொண்டு போ."

"இருக்கிற வேலைக்குள்ள ஸ்திரிக்கை ஒண்டுதான் குறை," என்று எரிந்து விழுந்தாள்.

"அப்ப கிணத்துத் தண்ணியில போட்டுக் கறையாக்கு. எனக்கென்ன?"

அவள் போத்தலைப் பார்த்தாள். பிறகு மேசை ஓரத்தில் இருந்த வடிதண்ணீர்க் கேனைப் பார்த்தாள்.

"றிஸ்லா, வடிதண்ணிய எந்தத் தண்ணியில வடிக்கிறம்?"

"கிணத்துத் தண்ணியிலதான். ஆனா அது வடிச்சதுதானே."

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். சுத்தமான குழாய் ஒன்றில் வடிதண்ணீரை மட்டும் எடுத்தாள். எண்ணெயும் இல்லை, கழுவலும் இல்லை, வெறும் வடிதண்ணீர். வெள்ளி நைத்திரேற்றுத் துளியை விட்டாள். அதே மெல்லிய மங்கல் பரவியது.

எங்கள் வடிகலம் பழையது. கிணறு நன்றாக இருக்கும் காலத்தில் அது ஒழுங்காகத்தான் வடிக்கும். உவர்த் தண்ணீர் கொதித்துத் தெறிக்கும்போது உப்பும் கூடவே ஏறி வந்திருக்கிறது. மாரி காலத்தில் அந்தத் தண்ணீரைச் சோதித்தோம், தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைச் சந்தேகிக்கவே இல்லை. வீட்டில் ஒரு முக்காட்டை ஸ்திரிக்கை போடவும் நம்பாத தண்ணீரை, வடிதண்ணீர் என்று கேனில் எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக, உயிரைப்போலக் காத்த பொருளின்மேல் திரும்பத் திரும்ப ஊற்றியிருக்கிறோம். எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேனை யன்னலால் தூக்கி எறிந்திருப்பேன், யன்னல்தான் ஒட்டிக் கிடந்ததே.

வதனி அழவில்லை. மறுகா என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தாள். அந்தத் தண்ணீரையே கண்ணாடிக் குடுவையில் மெதுவாகத் திரும்ப வடித்தோம். மங்கல் குறைந்தது, போகவில்லை. நான் சந்திக்கு ஓடிப்போய்ப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கி வந்தேன். அதுவும் அப்படித்தான். மழைக்கு வழியில்லை, ஆகாயம் வெளுத்துப்போய்க் கிடந்தது. கடைசியில் நான் நிரப்பிக்கொண்டு வந்த ஏசிப் போத்தலைத் திறந்தாள். வடிதாளில் வடித்துக் குழாயில் எடுத்துத் துளி விட்டாள்.

தெளிவு. குலுக்கினாள். அப்போதும் தெளிவு.

"இதுதான்கா," என்றாள்.

"ரெண்டு போத்தல் காணுமா?"

"காணாது. ஒரு வாளியாவது வேணும்."

இருவரும் வெளியே ஓடிப்போய் வாளியைப் பார்த்தோம். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. குழாயில் இருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கச்சான் காற்றில் ஈரம் இல்லை, பிறகு ஏசிக்கு எங்கே தண்ணீர்? எந்தக் காய்ந்த காற்றை நம்பி அந்தப் பொருளைச் செய்தோமோ, அதே காற்று இப்போது எங்களுக்குத் தண்ணீர் தர மறுத்தது. இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். வதனி கேட்கவில்லை. அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னோலைகள் ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு மெல்ல மற்றப் பக்கம் சாய்ந்தன. கொண்டல் திரும்பிவிட்டது.

அவள் நேரே சேரின் அறைக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன். சேர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வதனி ஏசியை ஆகக் குளிரில் வைத்துவிட்டு, வாவிப் பக்கத்து யன்னல் இரண்டையும் அகலத் திறந்தாள். காற்று குபீரென்று உள்ளே பாய்ந்தது. மேசையில் இருந்த தாள்கள் எழும்பிப் பறந்தன.

"என்ன பிள்ள செய்யுறீங்க? ஏசி ஓடுது," என்று சேர் தாள்களின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எழும்பினார்.

"தெரியும் சேர். கொஞ்சம் தண்ணி பிடிக்கிறன்."

"காத்தில இருந்தா?"

"ஓம் சேர். நம்மட வடிதண்ணியில உப்பு இருக்கு. இதில இல்ல. துளி விட்டுப் பார்த்திற்றம்."

சேர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு குழாய்களையும் அவர் முன்னால் பிடித்தேன். ஒன்று மங்கல், ஒன்று தெளிவு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு வருடமாக யன்னலுக்கு ஒட்டுநாடா போட்டு அடைத்தவள், இப்போது அவருடைய அறைக்குள் வாவியையே கூப்பிட்டு வைத்திருக்கிறாள். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. தாள்களை எல்லாம் கூட்டி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். கதவையும் தானே போய்த் திறந்து வைத்தார்.

"கதவும் திறந்திருந்தா காத்து நல்லா ஏறும்," என்றார்.

வெளியே சொட்டு வேகம் பிடித்தது. சற்று நேரத்தில் நூலாக ஒழுகத் தொடங்கியது. முதலில் வாளியில் சேர்ந்த கொஞ்சத்தை வாழைக்கு ஊற்றிவிட்டு, வாளியை அந்தத் தண்ணீராலேயே அலசி, மறுபடி வைத்தோம். சேர் வியர்த்து, சேட்டு முதுகில் ஒட்ட, அந்த அறையிலேயே இருந்தார். ஒருமுறை மெதுவாக வெளியே வந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டும் போனார்.

வாளி நிரம்பியதும் கழுவத் தொடங்கினோம். வடிதாளில் வடித்த தண்ணீரை எண்ணெய்மேல் விட்டுக் குலுக்கிப் பிரித்தோம். முதலில் மங்கல் இருந்தது. அடுத்ததில் கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. அடுத்த கழுவலை எடுத்தபோது வதனி துளியை விடாமல் நின்றாள். துளிக்குழாயை என்னிடம் நீட்டினாள்.

"நீ விடு," என்றாள்.

நான் பிஸ்மி சொல்லித் துளியை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. குழாயைப் பத்திரிகைத் தாள் ஒன்றின் முன்னால் பிடித்தோம். ஆகச் சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு குழாயிலும் பார்த்தோம். அதுவும் தெளிவு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வதனி என் தோளில் தலையைச் சாய்த்து அப்படியே நின்றாள். யாரோடும் ஒட்டாதவள்.

மிஞ்சிய எண்ணெயைச் சூடாக்கி உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சீல் வைத்தபோது மஃரிபுக்கு வாங்கு சொல்ல இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. குப்பியில் பாதிதான் இருந்தது. அளப்பதற்கு அது போதும்.

சேரின் அறைக்குக் கொண்டுபோனோம். யன்னல்கள் இன்னும் திறந்தே கிடந்தன. வாவிக்கு மேலே வெயில் சாய்ந்திருந்தது. வதனி யன்னலடியில் நின்று, வருகிறவர்கள் எல்லோரும் நிற்கிற அதே இடத்தில், காற்று முகத்தில் படக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "நல்ல இடம்தான்கா," என்றாள்.

சேர் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்தார். தூசியைத் தட்டினார். குப்பியைப் பஞ்சுக்குள் வைத்து மூடினார். பிறகு தான் எழுதியிருந்த மூலப்பொருள் என்ற சொல்லைத் தானே அழுத்தி வெட்டினார். வெட்டிவிட்டு, பேனையை வதனியிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுங்க பிள்ள. செய்தவங்கதானே எழுதவேணும்."

அவளுடைய கையில் இன்னும் ஈரம் இருந்தது. கோட்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பேனையை வாங்கினாள்.